கேக் அம்மாவின் வாய்க்குப் போகவில்லை

2008ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் கடைக்குப் போன் பேச வந்தவர்களை விட மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். இலங்கை மலைநாட்டில், கொட்டகலை பஜாரில், ரயில் நிலையத்துக்கு இறங்கும் வழியில் இருந்தது கடை. பெயர் 'சுதா கொமினிகேசன்'. நான் சுதாகரன், என் மனைவி சுதர்ஷினி. அந்தச் 'சுதா' யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. வெளிநாட்டு அழைப்பு, போட்டோகொப்பி, பெக்ஸ், மனு எழுதுதல் எல்லாம் செய்தோம். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, வெளியே பத்துப் பேர் நிற்பார்கள். பிறகு ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள்ளிருந்தே மணி அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நான் குடைகளை வைத்தேன்.

சுதர்ஷினி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் ஹட்டனில் இருந்த ஏஜென்சி ஒன்றுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை. மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. ஒக்டோபர் முப்பத்தொன்றாம் திகதிக்குள் போகிறேன் அல்லது போகவில்லை என்று சொல்லிவிட வேண்டும், அன்றைக்குத்தான் விமானச்சீட்டு எடுப்பார்களாம்.

"ரெண்டு வருசந்தானே. ஆர்த்திகா நாலாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள வந்துருவேன்" என்றாள். ஆர்த்திகா எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. முன்பல் விழுந்து, காற்றும் எச்சிலுமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் சொன்னது, "ஒன் விருப்பம்."

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. மனு எழுதுவதில் நான் பெயர் எடுத்தவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை ஒழுகினாலும், கல்யாணம் ஆன மகனுக்கு அதில் ஒரு தனி அறை, தனிக் காம்பரா, கேட்க வேண்டுமென்றாலும் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து என்னிடம்தான் வருவார்கள். தோட்டத்து மனுவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தோட்டத்தை நடத்தும் துரையின் பெருமை. அடுத்தது நம்முடைய தாழ்மை. அதற்குப் பிறகு மூன்று தலைமுறையாக நாம் அந்த மலையில் கொழுந்தெடுத்த வரலாறு. கேட்க வேண்டியதைக் கடைசி வரியில், ஏதோ போகிற போக்கில் ஞாபகம் வந்தது போலக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரை ஒழுகுகிறது என்று எழுதினால், திமிர் பிடித்தவன் என்று மூலையில் போட்டுவிடுவார்கள். என் மனு பலிக்காமல் போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பெரிய கிளாக்கர் பாதி வாசித்துக் காட்டுவதற்குள் துரை தூங்கிவிட்டதால்.

ஆகவே கடைக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று முடிவானபோது, எழுதப் போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தொழில் யோசனை சுதர்ஷினியுடையது. ஆனியில் கொழும்பில் வேலை செய்யும் ஒரு பையன் போன் எடுத்து, டவுன் பேக்கரியில் ஒரு கேக் வாங்கி லயத்தில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். சுதர்ஷினி பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "ஊரை விட்டுப் போன எல்லாருக்கும் இங்க யாராவது ஒருத்தர் இருக்காங்க. நாம ஒரு கூலி வாங்கிக்கிட்டுக் கொண்டு போய்க் குடுப்போம். ஆனா நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணுமே" என்றாள். அப்படித்தான் எங்கள் கடையின் பழைய கொம்பியூட்டரில் வலைப்பூ பிறந்தது. ஏஜென்சிக்காரர் சொன்ன திகதி வரைக்கும் இதைச் செய்து பார்ப்பது, பிடித்துக்கொண்டால் பார்க்கலாம் என்று பேச்சு. பிடித்துக்கொண்டால் என்ன பார்க்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் முதல் பதிவு இப்படித் தொடங்கியது: 'பசுமை கொஞ்சும் மத்திய மலைநாட்டிலே, அன்பும் பண்பும் நிறைந்த பெருமக்களின் நல்லாசியுடன் சீரும் சிறப்புமாக இயங்கிவரும் எமது நிறுவனமானது, கடல் கடந்து வாழும் எம் உறவுகளுக்குச் சிரந்தாழ்த்தி வணக்கம் தெரிவித்துக்கொள்வதில் பேருவகை அடைகின்றது.' எங்கள் டெலிபோன் இலக்கம் பதினேழாவது வரியில் வந்தது. ஒரு மாதத்தில் நாற்பத்தொரு பார்வைகள். அதில் முப்பத்தெட்டு நான் பார்த்தது.

அது மட்டுமில்லை. அந்தக் காலத்தில் இணையத்தைப் போட்டால் டெலிபோன் லைன் அடைபட்டுவிடும். நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து அடைமொழி தேடிக்கொண்டிருப்பேன்.

"ஆளுங்க கூப்பிடணும்னுதான் எழுதுறீங்க. நீங்க எழுதுற நேரமெல்லாம் யாரும் கூப்பிட முடியாது" என்றாள் சுதர்ஷினி. எனக்குக் கோபம் வந்தது. நியாயமான பேச்சுக்கு எனக்கு எப்போதும் கோபம் வரும்.

அப்படியும் ஒருவன் எங்களைக் கண்டுபிடித்தான். பெயர் அழகன். துபாயில் ஒரு கம்பனியின் சாமான் கிடங்கில் வேலை. ஓய்வு நேரத்தில் தன் ஊர்ப் பெயரை, 'டயகம' என்று தமிழில் தட்டித் தேடியிருக்கிறான், நான் எங்கோ ஒரு வரியில் டயகமவின் எழிலை வர்ணித்திருந்தேன். போன் எடுத்தான். அவனுடைய அம்மா பேச்சியம்மா, டயகமப் பக்கத் தோட்டமொன்றின் மேல் பிரிவில் முப்பத்தேழு வருசம் கொழுந்தெடுத்தவர். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையில் கடைசி நாள். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு கிலோ கேக் காத்திருக்க வேண்டும். அதில் 'இனி மலை ஏற வேண்டாம் அம்மா' என்று எழுதியிருக்க வேண்டும். நான் பயபக்தியோடு குறித்துக்கொண்டேன்.

சுதர்ஷினி தலவாக்கலைக்குப் போய், டயகம பஸ் பிடித்து, பிறகு மடியில் பெட்டியும் கையில் குடையுமாக ஏறி நடந்து, கொடுத்துவிட்டு வந்தாள். அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொருளை நீட்டமாட்டாள். முதலில் யார் அனுப்பியது என்று சொல்வாள். பிறகு அனுப்பியவர் சொன்ன வார்த்தையை, கொப்பியில் எழுதி வைத்தபடி ஒரு எழுத்துக் குறையாமல் வாசிப்பாள். அதற்குப் பிறகுதான் பொருள். கடைசியில் கொப்பியில் கையெழுத்து.

அன்று அவள் வந்து என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. நான் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். 'எமது நிறுவனத்தின் தன்னலமற்ற சேவையினால் இன்றைய தினம் ஓர் அன்னையின் உள்ளம் குளிர்ந்தது.' கூடவே இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கேக்கின் படம். மூன்று தட்டு, உச்சியில் ரோசாப்பூக்கள். அந்தக் கேக்கை வைக்க லயத்தில் மேசையே கிடையாது.

மறுநாள் எங்கள் வலைப்பூவுக்கு முதல் பின்னூட்டம் வந்தது. ஆசையோடு திறந்தேன்.

'அண்ணே, இது நான் சொன்ன கேக் இல்லையே. நீங்க எழுதியிருக்கிறது தொரைக்குக் குடுக்கிற மனு மாதிரி இருக்கு. ரெண்டு தடவ படிச்சும் ஒண்ணும் வெளங்கல. எங்கம்மா கேக் சாப்பிட்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க. அழகன்.'

அழித்தேன். மறுநாள் அதே பின்னூட்டம் திரும்ப வந்தது. அதையும் அழித்தேன். பெயர் எடுத்த மனுக்காரனிடம் வந்து விளங்கவில்லை என்று சொல்ல இவன் யார்?

மூன்றாவது நாள் அவன் போன் எடுத்தான். நான் போட்டோகொப்பி மிசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் சுதர்ஷினி எடுத்தாள். அவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"இல்ல தம்பி. அம்மா சாப்பிடல" என்றாள்.

என் கையிலிருந்த தாள் கட்டு கீழே விழுந்தது. போச்சு, இருந்த ஒரே வாடிக்கையும் போச்சு என்று நினைத்தேன். கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி. நான் போனப்ப அம்மா கடைசிக் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வந்து கால் கழுவிக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொன்னத வாசிச்சேன். ரெண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாங்க. பெட்டியத் தொறந்து சாமிப் படத்துக்கு முன்னால வச்சாங்க. பெறகு லயத்துல எல்லாரையும் கூப்பிட்டாங்க. பன்னெண்டு காம்பரா. வீட்டுக் கத்தி சரியா இல்லன்னு கவ்வாத்துக் கத்திய சுடுதண்ணில கழுவித்தான் வெட்டுனாங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்து, வயசானவங்களுக்கும் குடுத்துப் பார்த்தா, அம்மாவுக்கு மிஞ்சல. எனக்குக் குடுத்தத நான் நீட்டுனேன். வந்த புள்ள சாப்பிடாம போகப்படாதுன்னு என் வாயிலயே வச்சுட்டாங்க. கத்தில ஒட்டியிருந்த கிரீம மட்டும் வழிச்சு நாக்குல வச்சுக்கிட்டு, இனிப்புக் கொஞ்சம் தூக்கல்னாங்க. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான்.

"அட்டைப் பெட்டிய வீசல. அதுலதான் வேலைய விட்டா கெடைக்கிற சேமலாப நிதிப் பேப்பர் எல்லாம் வச்சிருக்காங்க. குளிருக்கு ஒங்க பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரப் போட்டிருந்தாங்க தம்பி. கை முட்டி வரைக்குந்தான் வருது."

பிறகு அந்தப் பக்கம்தான் பேச்சு. ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். வைத்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுகுறாரு, சிரிக்கிறாரு, ரெண்டும் சேர்ந்து வருது. இத அப்பிடியே அண்ணன எழுதச் சொல்லுங்கன்னாரு. இன்னொண்ணும் கேட்டாரு. ஏன் அழிச்சீங்க?"

"எதை?"

"அவரு எழுதுனத. ரெண்டு தடவ."

கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கினேன். எத்தனை பேருக்காக நான் மனு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை கடைப் படியில் வந்து நிற்கும் அந்த முகங்களை எனக்குத் தெரியும். அவன் கேட்டது ஒரே ஒரு வரி. அவனுக்கு நான் துரையாகிவிட்டேன்.

அன்று மாலை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சும்மா தட்டவில்லை, ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டுக்கொண்டுதான் தட்டினேன். நான் 'அன்னை' என்று போட்டால் அவள் 'அம்மா' என்று மாற்றச் சொல்வாள். நான் வணக்கத்தில் ஆரம்பித்தால், "வெளிநாட்டுல இருக்கவங்க வேல முடிஞ்சு வந்து அரை மணித்தியாலந்தான் பாப்பாங்க. வணக்கத்த வச்சு என்ன செய்யிறது? விசயத்த மொதல்ல போடுங்க" என்பாள். கேட்பதைக் கடைசியில் வைத்தே பழகிய கைக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொல்லி விளங்கவைக்க முடியாது. சட்டை போடாமல் பஜாருக்குப் போவது போல இருந்தது.

கடைசியில் வந்தது இதுதான்:

'கேக் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விசயம். அது உங்கள் அம்மாவின் வாய்க்குப் போகாது. லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருந்தால் கேக் பன்னிரண்டாகத்தான் போகும். போகட்டும், அந்தச் சந்தோசமும் வேண்டும். அதற்குப் பெரிய கேக் தேவையில்லை, ஒரு பெட்டி பிஸ்கட் போதும். ஆனால் அம்மாவுக்கென்று தனியாக, வெட்டிக் கொடுக்க முடியாத ஒன்றையும் அனுப்புங்கள். ஸ்வெட்டர், செருப்பு, மூக்குக்கண்ணாடி. அளவு தெரியாவிட்டால் சொல்லுங்கள், பொருள் கொண்டு போகிற அக்கா அடுத்த தடவை அளந்து வருவார். எங்கள் இலக்கம் கீழே. பகலில் இணையத்தைப் போடமாட்டோம், லைன் கிடைக்கும்.'

அதற்குக் கீழே பேச்சியம்மா வீட்டில் நடந்தது, அவள் சொன்னபடியே. ரோசாப்பூக் கேக்கை எடுத்துவிட்டு, சுதர்ஷினியின் கைத்தொலைபேசியில் இருந்த மங்கலான படத்தைப் போட்டேன். ஒரு தாம்பாளம், அதில் கிரீம் அப்பியபடி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அதற்கும் கீழே, 'அழகன் தம்பி இரண்டு தடவை கேட்டதை நான் அழித்துவிட்டேன். என் பிழை' என்று எழுதினேன். அந்த வரியை எழுதச் சொன்னதும் அவள்தான்.

அழகன் அந்தப் பதிவை அச்செடுத்துத் தங்கள் தொழிலாளர் கேம்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டிவிட்டான். அங்கே இணையம் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு, சோறு சாப்பிடாதவர்கள் யாருமில்லை. அடுத்த வாரம் டெலிபோன் அடித்த அடியில் நான் கண்ணாடிக் கூண்டிலிருந்து குடைகளை வெளியே எடுத்தேன். கினிகத்தேனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாயாண்டி என்பவர் கூட, பக்கத்தில் இருந்துகொண்டே தன் சொந்த அக்காவுக்குச் செருப்பு அனுப்பினார். தன் கையால் கொண்டு போனால் வாங்கமாட்டாராம், ஏதோ பழைய கோபம். சுதர்ஷினி கொண்டு போனால் வாங்குவாராம். வாங்கினார்.

பின்னூட்டத்துக்கு அன்றைக்கே பதில், பிழை நடந்தால் அதையும் நாமே முதலில் எழுதுவது என்று சுதர்ஷினி சட்டம் போட்டாள். அந்தச் சட்டம் சீக்கிரமே என் தலையில் விழுந்தது. ஒரே லயத்தில் இரண்டு காளியாயிகள் இருக்கிறார்களா என்று நான் விசாரிக்காமல் விட்டதால், கட்டாரிலிருந்து ஒருவன் தன் அம்மாவுக்கு அனுப்பிய ஸ்வெட்டர் அடுத்த காம்பராக் காளியாயிக்குப் போய், அவர் அதைப் போட்டுக்கொண்டு மலைக்கும் போய்விட்டார். அதை அப்படியே எழுதினேன். அவன் பதில் போட்டான்: 'அவங்களும் எனக்குப் பெரியம்மாதான். போட்டுக்கட்டும். எங்கம்மாவுக்கு இன்னொண்ணு குடுங்க.' அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட மனிதர்களிடமா நான் பதினேழு வரிக்கு வணக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்?

தீபாவளி வந்தது. அந்த வாரம் முழுவதும் சுதர்ஷினி பஸ்ஸிலும் மலையிலும்தான் இருந்தாள். தீபாவளி போனது. ஏஜென்சிக்காரர் சொன்ன திகதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவள் குவைத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து ஒரு நீலநிறப் பெட்டி வாங்கி வந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆர்த்திகா அதற்குள் பொம்மைகளைப் படுக்க வைத்து விளையாடினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவளுடைய பொறுமையில் தொடங்கி, என் குறைகளுக்கு வந்து, எங்கள் கல்யாண நாளைத் தொட்டு, மூன்று பக்கம் தாண்டியும் விசயத்துக்கு வரவில்லை. படித்துப் பார்த்தேன். பொண்டாட்டிக்கு மனு. கிழித்துப் போட்டேன்.

ஒக்டோபர் முப்பதாம் திகதி மத்தியானம் அழகனின் பின்னூட்டம் வந்தது. 'அண்ணே, பொருள் கொண்டு போற அக்காவுக்கு எங்க கேம்ப்ல எல்லாரும் சேர்ந்து ஒரு ஸ்வெட்டர் குடுக்கிறோம். நீங்களே வாங்கி நீங்களே கொண்டு போய்க் குடுங்க. சொல்ல வேண்டியது: அக்கா, எங்கம்மா கடைசி நாள் எப்பிடி இருந்திச்சுன்னு நான் பாக்கல. நீங்க பாத்துட்டு வந்து எனக்குச் சொன்னீங்க. நல்லா இருப்பீங்க.'

எதிர்க்கடையில் ஒரு கபில நிற ஸ்வெட்டர் வாங்கினேன். கடையை நாலு மணிக்கே பூட்டினேன். கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சொந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். சுதர்ஷினி திறந்தாள். உள்ளே நீலப் பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. அவளுடைய சீலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பொம்மைகள் தரையில் கிடந்தன.

"என்னாங்க, தட்டுறீங்க?"

"பொருள் வந்திருக்கு" என்றேன். "துபாய்ல இருந்து அழகனும் அவரு கூட்டாளிமாரும் அனுப்பியிருக்காங்க." கொப்பியைத் திறந்து அவன் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் வாசித்தேன். ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருத்தரும் சொல்லி அனுப்பியிருக்காரு" என்றேன். அது கொப்பியில் இல்லை. வணக்கம் இல்லை, வரலாறு இல்லை, ஒரு அடைமொழி கூட வாயில் வரவில்லை.

"போகாத."

அவள் என்னைப் பார்த்தாள்.

"இந்த ஒத்த வார்த்தைக்கு மூணு மாசமா ஒங்களுக்கு?" என்றாள். கண்ணில் நீர் நின்றது, குரலில் கோபம்தான் இருந்தது. "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பெட்டிய வாங்கிப் பாத்தேன். சீலைய அடுக்கிப் பாத்தேன்."

"எனக்கு மொதல்ல சொல்லிப் பழக்கமில்ல."

"தெரியும்" என்றாள். என் கையிலிருந்த கொப்பியை வாங்கினாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியவள், தான் போடும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"காலையில ஏஜென்சிக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம், நானே சொல்லிக்கிறேன். நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டிக்கட் எடுத்துருவாங்க."

அழகனை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விளங்கவில்லை என்று எழுதியதற்கும், அழித்த பிறகும் விடாமல் கேட்டதற்கும். மறுநாள் காலை, சுதர்ஷினி ஏஜென்சிக்குப் பேசி முடித்த பிறகு, நான் போட்ட பதிவுதான் என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சின்னது. இன்றும் அது அங்கே இருக்கிறது.

'அக்கா ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார். அளவு கொஞ்சம் பெரிசு, கை நீளம். மாற்றித் தருகிறேன் என்றேன், கழற்ற மாட்டேன் என்கிறார். அவர் எங்கும் போகவில்லை. நாளைக்கு டயகமப் பக்கம் வருகிறார்.'